ஆசிரியர் தகுதியும் பெற்றோர் படிப்பும்

பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரைவிட அப்பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் உண்மையிலேயே கூடுதல் தகுதி உடையவரா என்னும் ஐயம், தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு பெரும்பாலான ஊர்களில் எழுவதற்கே இடமில்லாதிருந்தது. கடிதம் வந்தால் படித்துக் காட்டவும், தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதவும் வாத்தியாரைத் தேடிப்போன ஊரில் அவருடைய தகுதியை அளக்கும் கோல் எவர் கையிலும் இருக்கவில்லை. இந்தியாவில் 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரே. 2011இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. உயர்கல்வி வயதினருள் கல்லூரியில் சேர்வோரின் பங்கு, 2021-22ஆம் ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வின்படி, நாட்டளவில் 28.4 விழுக்காடாக இருக்கத் தமிழ்நாட்டில் 47 விழுக்காடாக இருந்தது. ஆகவே இன்று தொடக்கப் பள்ளி வாசலில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாயோ தந்தையோ பட்டதாரியாக இருப்பது சாதாரணமாகிவிட்டது. அவருள் சிலர் உள்ளே இருக்கும் ஆசிரியரைவிட மேற்பட்ட பட்டம் பெற்றவர்கள் என்பதும் உண்மை.

இந்த மாற்றத்தைப் பட்டங்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் எடைபோட்டால் ஆசிரியருக்கு மிஞ்சும் உரிமை மிகச் சிறியது. பெற்றோரைவிட அவர் தகுதியுடையவர் என்று சொல்வதற்கு உறுதியான அடித்தளம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை அரசின் தேர்வுமுறையும் போதிய அளவு பார்ப்பதில்லை, பெற்றோரும் பார்ப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதை நிறுவுவதற்கு முன் ஆசிரியத் தகுதி என்பதை யார், எக்காலத்தில், எதைக்கொண்டு முடிவுசெய்தார்கள் என்று பார்ப்பது பயன்தரும்.

அரசு ஆசிரியரை நியமிக்கத் தொடங்குவதற்கு முந்திய காலத்தில் அந்த முடிவைப் பெரும்பாலும் பெற்றோரே எடுத்தனர். திண்ணைப் பள்ளி எனப்பட்ட ஊர்ப்பள்ளிகளில் ஆசிரியரின் வயிற்றுப்பாடு பிள்ளைகளின் வீட்டிலிருந்து வந்த நெல்லையும் காசையும் பண்டிகை வரிசையையும் நம்பியிருந்ததால், பிடிக்காத ஆசிரியரிடமிருந்து பிள்ளையை நிறுத்திக்கொள்வதே பெற்றோரின் தணிக்கையாக இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து திரட்டிய கணக்கில் 12,498 பள்ளிகள் பதிவாயின. அதன்மேல் 1826இல் அவர் எழுதிய குறிப்பில், ஆசிரியர்களின் மாத வருவாய் பொதுவாக ஆறு ஏழு ரூபாயைத் தாண்டுவதில்லை என்றும், தக்க தகுதி உடையவர்களை இத்தொழிலுக்கு இழுக்க அது போதாது என்றும் சொல்லியிருந்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, சிறு தனியார் பள்ளிகளின் ஊதியப் பட்டியலைப் பார்ப்பவர் எவரும் அதே கருத்தைத் தொகையை மட்டும் மாற்றி எழுதலாம்.

இதே காலப்பகுதியில் சென்னை எழும்பூரில் நடந்த ஒன்று, ஆசிரியத் தகுதி பற்றிய விவாதத்தில் இன்றும் நினைக்கத் தக்கது. அங்கிருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். சம்பளம் பெற்ற ஆசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதை நடத்திக் காட்டினான். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாடு, நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கத்தை ஒத்தது. பெல் 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக ‘சென்னை முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. செலவு குறைவு என்பது அதன் பெரிய கவர்ச்சி. முறை ஒழுங்காக வகுக்கப்பட்டிருந்தால் சொல்லிக்கொடுப்பவருக்குத் தனித்தகுதி எதற்கு என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே பரவியது. அந்த எண்ணம் இன்னும் மறையவில்லை. கைப்பேசிச் செயலியை விற்பவர்கள் இன்று சொல்வதும் ஏறக்குறைய அதுவே.

அதற்கு எதிர்த்திசையில் எழுந்தது ஆசிரியப் பயிற்சி. 1856இல் சென்னையில் தொடங்கப்பட்ட அரசு நார்மல் பள்ளி, பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. பாடம் தெரிந்திருப்பதும் பாடம் நடத்தத் தெரிந்திருப்பதும் இரு வேறு திறன்கள் என்றும், இரண்டாவதைத் தனியே பயிற்றுவிக்க வேண்டும் என்றும் ஏற்றுக்கொண்ட நிறுவனம் அது. விடுதலைக்குப் பின் மாவட்டந்தோறும் பெருகிய பயிற்சிப் பள்ளிகளும், இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் என்ற அடுக்குகளும் இந்தக் கொள்கையின் வழிவந்தவை. இங்கு ஒரு பெயர்க்குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும்: இடைநிலை ஆசிரியர் என்பவர் பெயருக்கு மாறாக ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு உரியவர், பள்ளி இறுதிக்குப் பின் இரண்டாண்டு ஆசிரியர் பட்டயப் பயிற்சி பெற்றவர். பட்டதாரி ஆசிரியர் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டமும் அதன்மேல் கல்வியியல் பட்டமும், அதாவது பி.எட்., பெற்றவர்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு நாடு தழுவிய சட்ட வடிவம் கொடுத்தது. அதன் 23ஆம் பிரிவின்படி ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் அதிகாரம் பெற்ற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், 2010 ஆகஸ்டு 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. கொள்குறி வகையில், அதாவது நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் வகையில், 150 வினாக்கள். அவற்றுள் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. தேர்ச்சிக்கு 60 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் ஒன்றரை மணி நேரத் தாளாக நடந்த முதல் தேர்வில் தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் நேரத்தை மூன்று மணியாக்கி மறுபடி நடத்தியபோதும் தேறியோர் நூற்றுக்கு மூவர் என்ற அளவிலேயே நின்றனர். ஆசிரியர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு இந்த முடிவைச் சான்றாகக் காட்டியவர்கள் அன்று பலர். ஒரே தேர்வர் கூட்டம் நேரத்தை இரட்டிப்பாக்கியவுடன் பல மடங்கு கூடுதலாகத் தேறுகிறது என்றால் அத்தேர்வு அறிவோடு சேர்த்து வேகத்தையும் அளந்தது என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. நேரம் கொடுத்தும் தொண்ணூற்றேழு பேர் தேறவில்லை என்பதை மறுதரப்பினரும் பேச விரும்பவில்லை.

பட்டம் உயர உயரத் தகுதி உயரும் என்ற பொதுநம்பிக்கையைச் சட்டமே மறுத்த நிகழ்வு ஒன்று அண்மையில் நடந்தது. பி.எட். பெற்றவர்களையும் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு நியமிக்கலாம் என்று 2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது. இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 2023 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. பட்டமும் அதன்மேல் பி.எட்.டும் முடித்தவர் ஏணியில் மேலே நிற்பவர்போல் தோன்றினாலும், ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் பயிற்சி அவருக்கு அளிக்கப்படவில்லை, பட்டயப் பயிற்சியாளருக்கே அளிக்கப்பட்டிருக்கிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். எம்.இ., எம்.பி.ஏ. படித்த பெற்றோர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பும் பட்டயமும் முடித்த ஆசிரியரைப் பார்த்து ‘இவரைவிட எனக்குத் தெரியும்’ என்று நினைப்பாரானால், அதே தராசில் பி.எட். பட்டதாரியும் நிறுத்தப்பட்டுத் தள்ளப்பட்டார் என்பதை அவர் அறிவது நல்லது.

ஆனால் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றே போதுமா என்று கேட்டால் ஆய்வுகள் ஆசிரியர் தரப்புக்கு அவ்வளவு இனிப்பான விடையைத் தரவில்லை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தரவுகளைக் கொண்டு ரிவ்கின், ஹனுஷெக், கேய்ன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியருக்கு ஆசிரியர் பெரும் வேறுபாடு இருக்கிறது என்பதையும், அந்த வேறுபாட்டை முதுநிலைப் பட்டமோ தொடக்க ஆண்டுகளுக்குப் பிந்திய அனுபவமோ விளக்கவில்லை என்பதையும் ஒருங்கே காட்டியது. நியூயார்க் நகரப் பள்ளிகளை ஆராய்ந்த கேன், ராக்காஃப், ஸ்டைகர் மூவரும் 2008இல் கண்டதும் அதற்கு இணக்கமானது: சான்றிதழ் பெற்றோர் குழுவுக்கும் பெறாதோர் குழுவுக்கும் இடையிலான இடைவெளி சிறியது, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் சிறந்தவருக்கும் நலிந்தவருக்கும் இடையே உள்ள இடைவெளி மிகப் பெரியது. இந்தியாவிலும், ஆந்திரத்து ஊர்ப்புறங்களில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய சோதனையில், வழக்கமான ஆசிரியரின் சம்பளத்தில் ஐந்திலொரு பங்களவே பெற்ற, பயிற்சி குறைந்த ஒப்பந்த ஆசிரியர்கள் மாணவரின் கற்றலில் பின்தங்கவில்லை. இக்கண்டுபிடிப்பைக் காட்டி நிரந்தர நியமனமே வேண்டாம் என்று வாதிடுவோர் உண்டு. கூடுதலாக ஓர் ஆள் வகுப்பறைக்கு வந்தார் என்பதும், ஒழுங்காக வந்தார் என்பதும் அந்த முன்னேற்றத்தில் எவ்வளவு பங்கு வகித்தன என்பதை அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

பாட அறிவு பற்றிய சான்று இதைவிட உறுதியானது. பெரு நாட்டில் ஒரே மாணவனுக்கு ஒரே ஆசிரியர் இரு பாடங்கள் நடத்தும் நிலையைப் பயன்படுத்தி மெட்ஸ்லரும் வோஸ்மனும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியருக்கு எந்தப் பாடம் கூடுதலாகத் தெரிகிறதோ அந்தப் பாடத்தில் மாணவனும் கூடுதலாகத் தேறுகிறான் என்று காட்டியது. அப்படியானால் பொறியாளராகிய தந்தை கணக்கு ஆசிரியரை வென்றுவிட்டாரா? இங்குதான் ஒரு கணக்கை அருகில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வகுப்புக் குழந்தை 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. படித்த பெற்றோர் விடை தவறு என்பதை நொடியில் காண்பார், ‘கவனமில்லை’ என்பார், கடன் வாங்கிக் கழிக்கும் முறையை மறுபடி சொல்லிக்காட்டி, பத்துக் கணக்கு கூடுதலாகப் போடச் சொல்வார். குழந்தை அடுத்து 53இலிருந்து 28ஐக் கழித்து 35 என்றும், 61இலிருந்து 34ஐக் கழித்து 33 என்றும் எழுதும்போது அவருக்குப் பொறுமை தீர்ந்துவிடும். பயிற்சியும் பட்டறிவும் உள்ள ஆசிரியர் இம்மூன்று விடைகளையும் ஒருசேரப் பார்ப்பார். ஒவ்வொன்றிலும் குழந்தை மேலே இருப்பது எது கீழே இருப்பது எது என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது; அதாவது அது கவனத்துடன், ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. அந்த விதியைக் குழந்தைக்குக் கொடுத்தவர் முதல் வகுப்பில் ‘சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது’ என்று சொன்ன யாரோ. அடுத்த பத்துக் கணக்கும் அந்தத் தவறான விதியை இறுக்கமாக்கும். ஆகவே அவர் தாளை மூடிவைத்துவிட்டு, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை எடுப்பார்: நான்கு கட்டும் இரண்டு உதிரியும். பதினேழைக் கொடு என்பார். உதிரி போதாதபோது குழந்தை தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். அவிழ்த்த பின்பு மூன்று கட்டும் பன்னிரண்டு உதிரியும் இருப்பதைக் குழந்தையே எண்ணிச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இங்கு ஆசிரியர் பயன்படுத்தியது கழித்தலைப் பற்றிய அறிவை மட்டுமல்ல. அது தந்தைக்கும் இருந்தது, ஒருவேளை கூடுதலாகவே இருந்தது. குறிப்பிட்ட வயதுக் குழந்தை குறிப்பிட்ட பாடத்தில் எப்படித் தவறும், அத்தவறுக்குள் என்ன நியாயம் ஒளிந்திருக்கிறது, அதைக் கலைக்க எந்தப் பொருளை, எந்த வரிசையில் காட்டவேண்டும் என்ற மூன்றாம் வகை அறிவு அவரிடம் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லீ ஷுல்மன் 1986இல் இதற்குத் தனிப்பெயர் கொடுத்தார். கற்பித்தலோடு பிணைந்த பாட அறிவு என்று அதைத் தமிழில் சொல்லலாம். பாடம் தெரிந்த எவருக்கும் இது தானாக வாய்த்துவிடாது; பாடம் தெரியாதவருக்கு வாய்க்கவே வாய்க்காது.

லிப்பிங் மா என்னும் ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட நூல் இதை நாடுகளுக்கிடையே சோதித்தது. இருபத்துமூன்று அமெரிக்க ஆசிரியர்களையும் எழுபத்திரண்டு சீன ஆசிரியர்களையும் தொடக்கப் பள்ளிக் கணக்கின் நான்கு இடங்களைப் பற்றி அவர் வினவினார். முதல் வினா மேலே சொன்ன கழித்தலேதான். அமெரிக்க ஆசிரியர்கள் கல்லூரிப் பட்டமும் அதற்கு மேலும் பெற்றவர்கள். சீன ஆசிரியர்களோ ஒன்பதாண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொன்னபோது சீன ஆசிரியர் அனைவரும் சரியாகச் செய்தனர். அமெரிக்க ஆசிரியருள் பாதிப்பேர்கூட அதை முழுமையாக முடிக்கவில்லை. அந்த வகுத்தல் பொருந்தும் ஒரு வாழ்க்கைச் சூழலைச் சொல்லுங்கள் என்றபோது இடைவெளி இன்னும் விரிந்தது. பட்ட எண்ணிக்கையில் குறைந்தவர்கள் பொருளறிவில் மிகுந்திருந்ததற்குக் காரணமாக அவர் காட்டியது, ஒருசில பாடங்களையே ஆண்டுக்கணக்காக நடத்தி, சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடநூலை வரிவரியாக ஆராயும் அவர்களின் பணிமுறையை. பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளியே வந்தபின்தான் அவர்களின் தகுதி பெருமளவில் விளைந்தது என்பதை நம் நாட்டு ஆசிரியர் கல்வியைத் திட்டமிடுவோர் கவனமாகப் படிக்கவேண்டும். நமது தொடக்கப் பள்ளி ஆசிரியர் மாலையில் சக ஆசிரியரோடு உட்கார்ந்தால் பெரும்பாலும் இணையதளத்தில் விவரங்களை ஏற்றிக்கொண்டிருப்பார்.

பெற்றோர் தங்களை ஆசிரியருக்கு நிகராக நினைப்பதற்கு அவர்கள் பெற்ற பட்டங்கள் மட்டும் காரணமல்ல. சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் சுட்டிக்காட்டியதுபோல், பள்ளி முடிக்கும் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 13,000 மணிநேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். மருத்துவரையோ வழக்குரைஞரையோ அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. ஆனால் மாணவன் கண்டது மேடையில் நடந்ததை மட்டுமே. எந்தப் பிள்ளையை ஏன் எழுப்பினார், எந்த வினாவை ஏன் ஒத்திவைத்தார் என்ற முடிவுகள் அவன் கண்ணில் படவில்லை. பார்த்தே கற்றுக்கொண்டதாகத் தோன்றும் இந்த மயக்கம் பெற்றோருக்கு மட்டுமின்றி, பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியருக்கும் உண்டு என்பதே லார்ட்டியின் கவலையாக இருந்தது.

பெற்றோரே ஆசிரியராகும் வீட்டுவழிக் கல்வியில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், வீட்டில் கற்பிக்கும் பெற்றோரும் ஆசிரியச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. சமயக் காரணத்தால் அதை மறுத்த பெற்றோர்மீது இவ்விதியைச் சுமத்த இயலாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. வீட்டில் கற்ற 20,000க்கு மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை 1999இல் ஆராய்ந்த லாரன்ஸ் ரட்னர், பெற்றோருக்கு ஆசிரியச் சான்றிதழ் இருந்ததா இல்லையா என்பதால் வேறுபாடு தெரியவில்லை என்று எழுதினார். இதைப் பலரும் மேற்கோளாகக் காட்டுகிறார்கள். தாமாக முன்வந்து தேர்வெழுதிய, வருவாயும் படிப்பும் மிகுந்த குடும்பங்களின் கணக்கு இது, பள்ளியோடு ஒப்பிடுவதற்கு இதைப் பயன்படுத்தக்கூடாது என்று அவரே எச்சரித்ததை யாரும் காட்டுவதில்லை.

தன் ஒரு பிள்ளைக்கு, அதன் மனநிலை அறிந்து, நேரக் கட்டுப்பாடு இல்லாமல் சொல்லிக்கொடுப்பதில் தாய்க்கு நிகரான ஆசிரியர் அரிது என்பதை ஒப்புக்கொள்வதில் ஆசிரியருக்கு இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பள்ளி அந்த வேலைக்காக ஏற்பட்டதன்று. கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ளும் ஈராசிரியர் பள்ளியில், ஓர் ஆசிரியர் முதல் வகுப்புக்கு எழுத்துப் பலகையைக் கொடுத்துவிட்டு இரண்டாம் வகுப்புக்குக் கணக்கைத் தொடங்கி, மூன்றாம் வகுப்பில் ஒருவன் மற்றவனைக் கிள்ளுவதையும் ஓரக்கண்ணால் பார்க்கிறார். ஐந்து பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவை இரண்டு மணிநேரம் நடத்தி முடித்துக் களைத்துப்போன பெற்றோருக்கு இதன் கடினத்தை விளக்க வேண்டியதில்லை.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இடைப்பட்ட ஒரு நிலத்தைத் திறந்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருவில் வாழும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலைநேர வகுப்பு நடத்தினர். தொடக்க நிலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் நடுநிலைக்குப் பட்டமும் போதுமானதாயின. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊர்ப்புறக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதென்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இத்திட்டத்தால் விளைந்ததென்றும் தெரிந்தது. இதை ஆசிரியருக்கு எதிரான சான்றாகப் படிப்பது எளிது, ஆனால் பொருத்தமற்றது. மீதி முக்கால் பங்கு மீட்சியில் பெரும்பகுதி மறுபடி திறந்த பள்ளி வகுப்பறையில் நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. தன்னார்வலர் கையிலிருந்த பாட அட்டைகளும் பயிற்சி ஏடுகளும் ஆசிரியர்களைக் கொண்டு ஆக்கப்பட்டவை. சிறு குழு, ஒழுங்கான நேரம், அருகிலிருக்கும் அக்கறையுள்ள ஒருவர் ஆகிய மூன்றும் எவ்வளவு பெறுமதி உடையவை என்பதையே அத்திட்டம் நிறுவியது.

தகுதியைப் பற்றிய பேச்சில் வெளிப்படையாகச் சொல்லப்படாதது வர்க்கம். அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லரோ 1989இல் வெளியிட்ட நூலில் உழைக்கும் வர்க்கப் பெற்றோர் படிப்பை ஆசிரியரின் வேலையென ஒப்படைத்து ஒதுங்குவதையும், நடுத்தர உயர்வர்க்கப் பெற்றோர் ஆசிரியரைத் தமக்குச் சமமாகவோ தாழ்ந்தவராகவோ கருதிக் கேள்வி கேட்பதையும் விரித்துக் காட்டினார். தமிழ்நாட்டில் இது பள்ளி வகையாகவே பிரிந்து கிடக்கிறது. தகுதித் தேர்வும் அதன்மேல் போட்டித் தேர்வும் எழுதித் தேறிய ஆசிரியர்கள் அரசுப் பள்ளியில் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். அந்தப் பெற்றோர் அவர்களைக் கேள்வி கேட்பதில்லை. கட்டணம் கட்டிக் கேள்வி கேட்கும் உரிமை பெற்றதாக நினைக்கும் பெற்றோரின் பிள்ளைகளோ, சிறு நகரங்களின் பல தனியார் பள்ளிகளில், குறைந்த சம்பளத்துக்கு வந்து அடுத்த ஆண்டே போய்விடும் ஆசிரியரிடம் இருக்கிறார்கள். அப்பள்ளிகள் சேர்க்கையின்போது பெற்றோரின் பட்டத்தையும் வேலையையும் விசாரிக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. பெற்றோரையோ குழந்தையையோ இப்படிச் சலித்தெடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடைசெய்து, முதல்முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும் அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையும் தண்டம் விதிக்கிறது. பள்ளி பெற்றோரின் தகுதியைக் கேட்கிறது. அதே சேர்க்கை அறையில் உட்கார்ந்து, எங்கள் பிள்ளைக்கு வரப்போகும் ஆசிரியர் என்ன பயிற்சி பெற்றவர், எத்தனை ஆண்டு இங்கிருப்பார் என்று திருப்பிக் கேட்கும் பெற்றோர் அரிதினும் அரிது.

பெற்றோருக்கு அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் மாற்றியமைக்கப்பட்ட இருபது பேர் கொண்ட குழுக்களில் பதினைந்து பேர் பெற்றோராக இருந்தனர், தலைமையும் பெற்றோருக்கே அளிக்கப்பட்டது. 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக, பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகையோடு கற்கும் திறனையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பதைச் சேர்த்திருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்குவதோடு முடியும் இன்றைய பெற்றோர் கூட்டம் இதை நிறைவேற்றுவதாகாது. ‘உங்கள் பிள்ளை கழித்தலில் இந்த இடத்தில் நிற்கிறது, காரணம் இது’ என்று ஆசிரியர் சொல்லும் கூட்டத்தில் பெற்றோரின் பட்டம் எதுவாயினும் அதைப் பற்றிய பேச்சே எழாது.

ஆசிரியரை அந்த நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு ஆசிரியர் கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தது. அவற்றின் நிலை நம்பிக்கையூட்டுவதாக இல்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அளித்த அறிக்கையை எடுத்துக்காட்டி, 10,000க்கு மேற்பட்ட தனித்தியங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களுள் பெரும்பாலானவை விலைக்குப் பட்டம் விற்பவை என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே எழுதியிருக்கிறது. அக்கொள்கையின் பிற பகுதிகளோடு தமிழ்நாடு பிணங்கி நிற்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. இந்த ஒரு வாக்கியத்தோடு பிணங்குவது கடினம். பி.எட். படிப்பை ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீட்டியது மருந்தாக முன்வைக்கப்பட்டது. கற்பித்தல் பயிற்சிக்கென்று பள்ளிக்கு அனுப்பப்படும் மாணவ ஆசிரியர், அங்கே விடுப்பிலிருக்கும் ஆசிரியரின் வகுப்பை அமைதியாக வைத்திருக்கப் பயன்படுத்தப்படும் வரை ஆண்டுகளை நீட்டுவதால் பெரிய பயன் விளையாது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களும் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்றும், ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் தேறாமலே பணியில் நீடிக்கலாம், ஆனால் பதவி உயர்வு பெற முடியாது என்றும் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் பள்ளிகளைப் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதன்படி இருபது ஆண்டுகளாக ஈராசிரியர் பள்ளியில் குச்சிக்கட்டை அவிழ்த்துக் கழித்தல் சொல்லிக்கொடுத்த ஆசிரியரும், இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் விடையை எழுதிப்போட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்ன ஆசிரியரும் ஒரே அறையில் உட்கார்ந்து அதே 150 கொள்குறி வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இருவருள் யார் தேறுவார் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. நியமனத்துக்கான எழுத்துத் தேர்வு முதல் சான்றிதழ் சரிபார்ப்பு வரை எந்தக் கட்டத்திலும், இத்தீர்ப்பு விதித்த தேர்விலும், அவர்கள் ஒரு குழந்தைக்குப் பாடம் நடத்துவதை நின்று பார்க்க எவரும் அனுப்பப்படுவதில்லை.